வந்தான், வந்திருக்கிறான்



ஆங்கில இலக்கண வினாத்தாள்களில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் ஒரு சிறு பயிற்சியைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இறந்தகாலத்தில் அமைந்த சில வாக்கியங்களைக் கொடுத்து, அவற்றைப் 'பிரஸண்ட் பர்ஃபெக்ட்' என்னும் காலத்துக்கு மாற்றி எழுதுக என்று கேட்பார்கள். மாணவர் பலரும் இதனை மிக எளிய வேலை என்றே கருதுகின்றனர். இறந்தகால வினையை நீக்கி, அந்த இடத்தில் 'ஹாவ்' அல்லது 'ஹாஸ்' என்ற துணைவினையை வைத்து, அதன் பின்னே வினையின் மூன்றாம் வடிவத்தை எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்பது அவர்கள் எண்ணம். சில வாக்கியங்களில் வேலை அவ்வாறே முடிந்தும் விடுகிறது. வேறு சிலவற்றில் இடறுகிறது. ஏன் இடறுகிறது என்பதுதான் நாம் ஆராய வேண்டியது.

முதலில் பெயரைப் பார்ப்போம். பிரஸண்ட் பர்ஃபெக்ட் என்பதை 'நிகழ்கால முற்று' என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் முற்று என்றவுடன் நம் இலக்கணம் கற்றவர் மனம் வினைமுற்றை நோக்கிப் போய்விடும். ஆகவே 'நிறைவு நிகழ்காலம்' என்று நான் சொல்லிக்கொள்கிறேன். நிறைவு என்பது அடைமொழியே, தலைச்சொல் நிகழ்காலம். டென்மார்க் நாட்டில் பிறந்து, ஆங்கில இலக்கணத்தை ஆங்கிலேயரும் வியக்கும் வண்ணம் ஆராய்ந்த ஓட்டோ யெஸ்பர்ஸன் என்னும் பேரறிஞர், 1924 ஆம் ஆண்டில் வெளியிட்ட இலக்கணத் தத்துவ நூலில், இதனை நிகழ்காலத்தின் ஒரு வகை என்றே கொண்டார். இறந்தகால வாக்கியத்தை இந்தக் காலத்துக்கு மாற்றும்பொழுது நாம் ஒரு வடிவத்தை மட்டும் மாற்றவில்லை. நேற்றில் நின்று பேசியவனை இன்றில் கொண்டுவந்து நிறுத்துகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு. 'ஐ லாஸ்ட் மை பென்' என்று ஒருவன் சொல்கிறான். என் பேனாவைத் தொலைத்தேன் என்பது பொருள். எப்பொழுதோ தொலைத்தான். பிறகு அது கிடைத்திருக்கலாம். புதியது ஒன்று வாங்கியிருக்கலாம். இப்பொழுது அவன் சட்டைப் பையில் இரண்டு பேனாக்கள் இருந்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது. அதே மாணவன் தேர்வு மண்டபத்தில் எழுந்து நின்று, 'ஐ ஹாவ் லாஸ்ட் மை பென்' என்கிறான். இப்பொழுது அவனிடம் எழுதுவதற்குப் பேனா இல்லை. மேற்பார்வையாளர் தம் பேனாவை எடுத்துக் கொடுப்பார். முதல் வாக்கியம் ஒரு கதை. இரண்டாவது வாக்கியம் ஒரு நிலைமை.

சிரக்கூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸின் கதை உங்களுக்குத் தெரியும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அரசனுடைய மகுடத்தில் கலப்படம் உண்டா என்று அறிய வழி தேடிக்கொண்டிருந்தவர், குளியல் தொட்டியில் இறங்கியபோது நீர் வழிவதைக் கண்டார், விடை பிறந்தது, 'யுரேகா' என்று கூவிக்கொண்டே தெருவில் ஓடினார் என்பர். கதையைச் சொல்லும் நாம் இறங்கினார், கண்டார், ஓடினார் என்று இறந்தகாலத்திலேயே சொல்கிறோம். அவர் கூவிய அந்த ஒரு சொல்லோ கிரேக்க மொழியில் நிறைவுக் காலத்து வினை. ஆங்கிலத்தில் அதனை 'ஐ ஹாவ் ஃபவுண்ட் இட்' என்று பெயர்ப்பதே பொருத்தம். 'ஐ ஃபவுண்ட் இட்' என்றால் என்றோ ஒருநாள் கண்டுபிடித்த செய்தியை நினைவுகூர்வது போல ஆகிவிடும். உடை உடுக்கவும் மறந்து ஓடியவர் பழைய நினைவைப் பகிர்ந்துகொள்ள ஓடவில்லை. விடை அந்தக் கணத்தில் அவர் கையில் இருந்தது.

கையில் இருந்தது என்று சொன்னேன் அல்லவா? 'ஹாவ்' என்ற சொல்லின் பொருளே அதுதான். 'ஐ ஹாவ் எ பென்' என்றால் என்னிடம் ஒரு பேனா இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆங்கிலத்தில் இந்தக் காலம் ஓர் உடைமை வாக்கியமாகவே பிறந்தது. 'எழுதப்பட்ட கடிதம் ஒன்றை உடையேன்' என்னும் பாங்கில், ஹாவ் என்ற வினை முன்னும், கடிதம் நடுவும், எழுதப்பட்ட என்பது பின்னுமாக நிற்கும். நாளடைவில் சொற்கள் இடம்மாறி, உடைமைப் பொருள் தேய்ந்து, 'ஐ ஹாவ் ரிட்டன் தி லெட்டர்' என்று ஆயிற்று. தமிழில் உடைமையைச் சொல்ல நமக்கு 'இரு' என்னும் வினை உதவுகிறது: என்னிடம் பேனா இருக்கிறது. நிறைவைச் சொல்லவும் அதே வினைதான் உதவுகிறது: கடிதம் எழுதியிருக்கிறேன். ஆங்கிலேயன் செய்த செயலை உடையவனாகிறான். தமிழன் செயலைச் செய்து இருக்கிறான். இரண்டு மொழிகளும் எங்கோ தொலைவில் பிறந்து வளர்ந்தவை. ஆயினும் பேனாவுக்கும் நிறைவுக்கும் ஒரே வினையைப் பயன்படுத்தும் வழக்கம் இரண்டிலும் உண்டு.

எனவே வந்தான் என்றால் 'ஹி கேம்', வந்திருக்கிறான் என்றால் 'ஹி ஹாஸ் கம்' என்று ஆசிரியர்கள் கற்பிப்பது நியாயமே. தொடக்கத்துக்கு இது போதும். ஆனால் இதனையே முடிந்த முடிபாகக் கொள்பவர் மூன்று இடங்களில் வழுக்கி விழுவர்.

முதல் இடம் 'நேற்று' என்ற சொல். காலையில் கதவைத் திறக்கிறோம். முற்றம் நனைந்து கிடக்கிறது. 'இரவு மழை பெய்திருக்கிறது' என்கிறோம். தமிழில் இது குற்றமற்ற வாக்கியம். மழையை நாம் பார்க்கவில்லை, ஈரத்தைக் கண்டு ஊகித்தோம் என்ற நுட்பத்தையும் அந்த 'இருக்கிறது' ஏந்தி வருகிறது. இதனை அப்படியே 'இட் ஹாஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்று ஆங்கிலமாக்கினால் பிழை. 'இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்று இறந்தகாலத்தில் சொல்ல வேண்டும். ஊகத்தையும் காட்ட விரும்பினால் 'இட் மஸ்ட் ஹாவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்னலாம். நாளேடுகளில் 'முதலமைச்சர் நேற்று அறிவித்துள்ளார்' என்று நாள்தோறும் படிக்கிறோம். தமிழுக்கு அது பழகிப்போன நடை. ஆங்கிலம் 'ஹாஸ் அனௌன்ஸ்டு' என்பதையும் 'எஸ்டர்டே' என்பதையும் ஒரே பந்தியில் உட்கார வைக்காது.

ஏன் இந்தப் பிடிவாதம்? நேற்று என்ற சொல் முடிந்துபோன ஒரு காலத்தைச் சுட்டுகிறது. அதன் கதவு சாத்தப்பட்டுவிட்டது. நிறைவு நிகழ்காலமோ இன்றில் நின்று பேசுவது. ஒரே வாக்கியத்தில் இரண்டு காலங்களில் நிற்க முடியாது என்பது ஆங்கிலேயர் கணக்கு. இது எல்லா மொழிகளுக்கும் பொதுவான நியதி என்று எண்ணிவிட வேண்டாம். ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவான ஜெர்மன் மொழியிலேயே, ஹாவ் என்பதற்கு இனமான துணைவினையோடு நேற்று என்ற சொல்லைத் தயக்கமின்றிச் சேர்த்துப் பேசுகிறார்கள். தமிழ் மாணவன் 'ஐ ஹாவ் ஸீன் ஹிம் எஸ்டர்டே' என்று எழுதுவது அறிவுக்குறைவால் அன்று. தன் தாய்மொழி அனுமதிக்கும் ஒன்றை இந்த மொழியும் அனுமதிக்கும் என்ற நம்பிக்கையால்.

ஆகவே மாற்றி எழுதும் பயிற்சியில் வினையைத் தொடுவதற்கு முன்பே வாக்கியத்தில் காலச்சொல் ஏதேனும் உண்டா என்று தேடுங்கள். எஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 1947, வென் ஐ வாஸ் எ பாய் என்பன போன்றவை இருந்தால் அவை நீங்கியாக வேண்டும். 'ஹி ரோட் எ லெட்டர் எஸ்டர்டே' என்பது 'ஹி ஹாஸ் ரிட்டன் எ லெட்டர்' என்று ஆகும், எஸ்டர்டே போய்விடும். விரும்பினால் ஆல்ரெடி, ஜஸ்ட் போன்ற சொற்களை உள்ளே அழைக்கலாம். 'வென்' என்று தொடங்கி எப்பொழுது என்று வினவும் வாக்கியத்தை மாற்றவே முயலக் கூடாது. எப்பொழுது என்ற கேள்வியே சாத்திய கதவைத் தட்டும் கேள்வி. இத்தகைய வாக்கியங்களைக் காலச்சொல்லோடு கொடுத்துவிட்டு, அச்சொல்லை நீக்கலாமா கூடாதா என்று ஒரு வரியும் சொல்லாமல் விடும் வினாத்தாள்கள் உண்டு. அது மாணவருக்கு இழைக்கும் அநீதி என்பது என் கருத்து.

சில காலச்சொற்கள் இரு பக்கமும் சேரும். 'திஸ் மார்னிங்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்குப் பேசுபவன், 'ஐ ஹாவ் ரிசீவ்டு டூ லெட்டர்ஸ் திஸ் மார்னிங்' என்று தாராளமாகச் சொல்லலாம். காலை இன்னும் முடியவில்லை, மூன்றாவது கடிதமும் வரக்கூடும். அவனே பிற்பகல் மூன்று மணிக்குப் பேசினால் 'ஐ ரிசீவ்டு' என்பான். கடிதங்கள் அவையே, கடிகாரம் நகர்ந்துவிட்டது.

இரண்டாவது இடம், தமிழில் 'இரு' என்ற வினை வராத இடங்கள். 'இப்பொழுதுதான் வந்தேன்' என்கிறோம். அதில் இருக்கிறேன் இல்லை. எனினும் ஆங்கிலேயர் 'ஐ ஹாவ் ஜஸ்ட் கம்' என்பர். அமெரிக்கர் பேச்சில் இங்கே இறந்தகாலமும் இயல்பாக வரும். அது பிழையன்று, வழக்கு வேற்றுமை. 'பூனை பாலைக் குடித்துவிட்டது' என்பதில் 'விடு' என்னும் துணைவினை நிறைவைக் காட்டுகிறது. பாத்திரம் காலி என்பதுதான் செய்தி. 'தி கேட் ஹாஸ் ட்ரங்க் தி மில்க்' என்போம். ஆனால் வாசலிலிருந்து யாரோ அழைக்க, உள்ளேயிருந்து 'இதோ வந்துவிட்டேன்' என்று குரல் கொடுக்கிறோமே, அங்கே விட்டேன் இருந்தும் நிறைவு இல்லை. நாம் இன்னும் நாற்காலியை விட்டு எழவே இல்லை. விரைவு கருதி வராத காலத்தையும் நிகழும் காலத்தையும் இறந்தகாலத்தால் சொல்லும் இவ்வழக்கைத் தொல்காப்பியர் வினையியலில் குறித்துச் சென்றிருக்கிறார். ஆங்கிலேயன் அங்கே 'ஐ ஆம் கமிங்' என்று நிகழ்காலத்தில் சொல்வான். விகுதியைப் பார்த்து மொழிபெயர்ப்பவன் இங்கே ஏமாறுவான். நிலைமையைப் பார்ப்பவன் ஏமாற மாட்டான்.

மூன்றாவது இடம் 'ஆக' என்று வரும் கால அளவு. மூன்றிலும் வாழ்க்கைக்கு மிக நெருக்கமானது இதுவே. 'இந்த வீட்டில் பத்து ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'ஐ ஹாவ் லிவ்டு இன் திஸ் ஹவுஸ் ஃபார் டென் இயர்ஸ்' என்று நிறைவில் சொல்ல வேண்டும். 'ஐ லிவ்டு இன் திஸ் ஹவுஸ் ஃபார் டென் இயர்ஸ்' என்று எழுதினால் என்ன ஆகும்? முன்பு பத்து ஆண்டு குடியிருந்தேன், இப்பொழுது இல்லை என்று ஆகும். வீட்டு வழக்கு ஒன்றில் குடியிருப்பவர் தம் மனுவில் இவ்வாறு எழுதிவிட்டால், தாம் வெளியேறிவிட்டதாகத் தாமே சொன்னது போல இருக்கும். வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போதும் அப்படியே. 'ஐ ஹாவ் வொர்க்டு இன் எ ஸ்கூல் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்பவர் இன்னும் பணியில் இருக்கிறார் என்று படிப்பவர் கொள்வர். 'ஐ வொர்க்டு' என்பவர் பணியை விட்டவர். ஏன் விட்டார் என்ற கேள்வி உடனே எழும். மருத்துவரிடம் 'தி சைல்டு ஹாட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்' என்று சொன்னால் காய்ச்சல் தணிந்துவிட்டது. 'தி சைல்டு ஹாஸ் ஹாட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்' என்றால் குழந்தையின் உடம்பு இந்த நேரத்திலும் கொதிக்கிறது. ஹாஸ் என்ற அந்தச் சிறு சொல்லை விரைவாகப் பேசும்போது ஆங்கிலேயர் ஒரு 'ஸ்' ஒலியாகவோ 'ஸ்' போன்ற ஓர் அதிர்வாகவோ விழுங்கிவிடுவர். காது கூர்மையாக இருக்க வேண்டும்.

இந்தக் கால அளவோடு தொடர்புடையது 'அகோ' என்ற சொல். 'ஐ பாட் திஸ் வாட்ச் த்ரீ இயர்ஸ் அகோ' என்ற வாக்கியத்தை எப்படி மாற்றுவது? 'ஐ ஹாவ் பாட் திஸ் வாட்ச் த்ரீ இயர்ஸ் அகோ' என்பது நடவாது. மூன்று ஆண்டுகளையும் விடாமல் மாற்ற வேண்டுமானால் வினையையே மாற்ற வேண்டும்: 'ஐ ஹாவ் ஹாட் திஸ் வாட்ச் ஃபார் த்ரீ இயர்ஸ்.' வாங்குதல் ஒரு நொடியில் முடிந்துவிடும். வைத்திருத்தல் மூன்று ஆண்டு நீளும். நீளக்கூடிய வினைக்கே 'ஃபார் த்ரீ இயர்ஸ்' பொருந்தும். 'ஹி கேம் ஹியர் ஃபைவ் இயர்ஸ் அகோ' என்பதும் இவ்வாறே 'ஹி ஹாஸ் பீன் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று ஆகும். கால அளவைச் சொல்ல 'ஃபார்', தொடங்கிய புள்ளியைச் சொல்ல 'சின்ஸ்': ஐந்து ஆண்டுகளாக என்றால் ஃபார், திங்கட்கிழமை முதல் என்றால் சின்ஸ்.

வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உங்கள் இலக்கணப் புத்தகத்தின் பிற்பகுதியில் பட்டியல் இருக்கும். ஐ, யூ, வீ, தே ஆகியவற்றோடும் பன்மைப் பெயர்களோடும் ஹாவ். ஹி, ஷி, இட் ஆகியவற்றோடும் ஒருமைப் பெயர்களோடும் ஹாஸ். வென்ட் என்பதற்குக் கான், ஸா என்பதற்கு ஸீன், ரோட் என்பதற்கு ரிட்டன், ட்ராங்க் என்பதற்கு ட்ரங்க். 'கேம்' மறுபடியும் 'கம்' ஆகிவிடுவதையும், 'ரான்' மறுபடியும் 'ரன்' ஆகிவிடுவதையும் மட்டும் நினைவில் வையுங்கள். 'ஹி ஹாஸ் கேம்' என்று எழுதுவோர் தொகை சிறிதன்று. வினா வாக்கியத்தில் இன்னொரு கவனம் வேண்டும். 'டிட் ஹி ரைட் தி லெட்டர்?' என்பதில் இறந்தகாலத்தை டிட் என்ற சொல்லே சுமந்துகொண்டதால் ரைட் வெறும் வேர்ச்சொல்லாக நிற்கிறது. மாற்றும்போது டிட் முழுவதும் விலகி, 'ஹாஸ் ஹி ரிட்டன் தி லெட்டர்?' என்று ஆகும். எதிர்மறையும் இவ்வாறே: 'ஹி டிட் நாட் ரைட்' என்பது 'ஹி ஹாஸ் நாட் ரிட்டன்' ஆகும்.

பட்டியலில் அடங்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். 'மதுரைக்குப் போயிருக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால், முன்பு போய்வந்த அனுபவம் உண்டு என்று பொருள். 'அப்பா மதுரைக்குப் போயிருக்கிறார்' என்று சிறுவன் வாசலில் நின்று சொன்னால், அவர் வீட்டில் இல்லை என்று பொருள். தமிழ் இரண்டுக்கும் ஒரே வடிவத்தைத் தருகிறது. யார், எங்கே நின்று பேசுகிறார் என்பது வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிட்டது. போய்வந்தவன் 'ஐ ஹாவ் பீன் டு மதுரை' என்பான். போய் அங்கேயே இருப்பவரைப் பற்றி 'ஹி ஹாஸ் கான் டு மதுரை' என்பர். 'ஐ ஹாவ் கான் டு மதுரை' என்று எதிரில் நின்று சொல்பவனைப் பார்த்து ஆங்கிலேயன் சற்றே திகைப்பான். மதுரையில் இருப்பவன் இங்கே எப்படிப் பேசுகிறான்?

ஆக்ராவிலிருந்து திரும்பிய நண்பனை, 'டிட் யூ ஸீ தி தாஜ் மஹால்?' என்று கேட்கிறோம். அந்தப் பயணத்தில் பார்த்தாயா என்பது கேள்வி. பயணத்தைப் பற்றிய பேச்சே இல்லாமல் ஒருவரை, 'ஹாவ் யூ ஸீன் தி தாஜ் மஹால்?' என்று கேட்டால், இதுவரை உள்ள வாழ்நாளில் என்றேனும் கண்டதுண்டா என்று பொருள். வாழ்நாள் இன்னும் முடியவில்லை. இல்லை என்றால் இனியும் காணலாம்.

வாழ்நாள் முடிந்துவிட்டவர்களைப் பற்றி என்ன செய்வது? பாரதியார் 1882 இல் பிறந்து 1921 இல் மறைந்தார். 'பாரதி ரோட் மெனி சாங்ஸ்' என்று இறந்தகாலத்தில் சொல்வதே இயல்பு. 'பாரதி ஹாஸ் ரிட்டன் மெனி சாங்ஸ்' என்று சொன்னால், அவர் இன்னும் எழுதிக்கொண்டிருப்பது போன்ற தோற்றம் வரும். இதனால் மறைந்தவர் பெயரோடு ஹாஸ் என்ற சொல்லே வரக்கூடாது என்று முடிவு செய்துவிடாதீர்கள். 'பாரதி ஹாஸ் லெஃப்ட் அஸ் எ ட்ரெஷர் ஆஃப் சாங்ஸ்' என்பது நல்ல ஆங்கிலம். விட்டுச் சென்றவர் இல்லை. விட்டுச் சென்ற செல்வம் நம்மிடம் இருக்கிறது. பெற்றுக்கொண்டவர்கள் உயிரோடு இருப்பதால் அந்த வாக்கியம் இன்றில் நிற்கிறது.

வானொலி கேட்கும் உங்களுக்கு இன்னும் ஒரு பயிற்சியிடம் உண்டு. ஆங்கிலச் செய்தி அறிக்கையைக் கூர்ந்து கேளுங்கள். புதிய செய்தியின் முதல் வாக்கியம் பெரும்பாலும் நிறைவு நிகழ்காலத்தில் வரும்: தலைவர் ஒருவர் தலைநகருக்கு வந்து சேர்ந்திருக்கிறார், 'ஹாஸ் அரைவ்டு.' அடுத்த வாக்கியத்திலேயே விவரங்கள் தொடங்கும். எத்தனை மணிக்கு இறங்கினார், யார் வரவேற்றார், என்ன சொன்னார் என்பன எல்லாம் இறந்தகாலத்துக்குப் போய்விடும். கதவை ஒருமுறை திறந்து செய்தியை உள்ளே விட்டபின், அது கதையாகிவிடுகிறது. ஒரு வாரம் இவ்வாறு கேட்டு, முதல் வாக்கியத்தையும் இரண்டாவதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தால், பயிற்சி நூல் பத்துப் பக்கங்களில் சொல்வது உங்களுக்குத் தானாகவே பழகிவிடும்.

நேரம் நெருங்குகிறது. வீட்டில் மாற்றிப் பார்ப்பதற்கு நான்கு வாக்கியங்களைத் தருகிறேன்; எழுதிக்கொள்ளுங்கள். 'ஷி ஃபினிஷ்டு ஹர் வொர்க் லாஸ்ட் நைட்.' 'டிட் தே ஸெல் தி ஹவுஸ்?' 'மை அங்கிள் கேம் டு சென்னை டென் இயர்ஸ் அகோ.' 'ஷேக்ஸ்பியர் வாஸ் பார்ன் இன் 1564.' முதல் வாக்கியத்தில் ஒன்று விலக வேண்டும். இரண்டாவதில் ஒன்று மறைந்து வேறொன்று முன்னே வர வேண்டும். மூன்றாவதில், மாமா இன்னும் சென்னையில்தான் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு, வினையையே மாற்றிப் பாருங்கள். நான்காவதை மாற்ற வேண்டாம். அது இருந்தபடியே இருக்கட்டும்.